தோல் படிவத்தில் ஒரு மீன்

அட்மிரல் செத்து இருபத்தொன்பது மணி நேரம் கழித்து, அதன் சாவை விசாரிக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி அமைக்கப்பட்டது.

அட்மிரல் ஒரு மீன். உள்ளங்கை அகலம், பொன் நிறம். கொழும்பிலிருந்து கப்பலில் வந்தது. ராயபுரம் தோல் ஏற்றுமதிச் சோதனை இலாகாவின் பெரிய துரையுடைய மனைவி அதை வளர்த்தார். பங்களாவில் பூனை இருந்தது. ஆகவே மீன் கண்ணாடித் தொட்டியோடு அலுவலகக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. துரையும் துரைசானியும் வெயிலுக்குப் பயந்து நீலகிரிக்குப் போயிருந்தார்கள். ஜூன் இருபதாம் தேதி திரும்புவதாக ஏற்பாடு. அட்மிரல் செத்தது 1927 மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்கு.

அதை முதலில் பார்த்தவர் சிலுவைமுத்து. அவர்தான் தொட்டிக் காவலர். மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் மீனைப் பராமரிக்கத் தெரியும் என்று இலாகா அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர் குடும்பத்தில் இதுவரை மீனைக் கொன்றுதான் பழக்கம். அதை யாரும் கேட்கவில்லை. மாதச் சம்பளமும் கூலியாட்கள் குடியிருக்கும் லைனில் ஓர் அறையும் என்றார்கள். சிலுவைமுத்து ஒப்புக்கொண்டார்.

அறைதான் முக்கியம். அதில் அவரும் மனைவி ஃப்ளோரன்ஸும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். இலாகாவின் ஆஜர் புத்தகத்தில் பெயர் இருக்கிறவரை லைனில் அறை உண்டு. பெயரை அடித்துவிட்டால் இருபத்து நான்கு மணி நேரத்தில் காலி செய்ய வேண்டும். மீனின் சாவுக்குத் தொட்டிக்காரன் பொறுப்பு என்று கமிட்டி எழுதினால் பெயர் அடிபடும். இதைக் கமிட்டியின் முதல் கூட்டத்திலேயே அவருக்குப் படித்துக் காட்டினார்கள். பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

கமிட்டித் தலைவர் ராவ்பகதூர் கிருஷ்ணப்பன். துரை இல்லாதபோது இலாகாவுக்கு அவர்தான் எல்லாம். உறுப்பினர் டாக்டர் ஜேக்கப், சுகாதார அதிகாரி. மூன்றாமவர் குமாஸ்தா அம்புரோஸ். எழுதுவது அவர் வேலை. பேசுவது அல்ல.

இலாகாவில் செத்த பிராணிகளுக்கு ஒரே ஒரு படிவம்தான் இருந்தது. 'தோல் பதினான்கு' என்று பெயர். அம்புரோஸ் அதை எடுத்து, மேலே 'மாடு / எருமை / ஆடு' என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு 'மீன்' என்று எழுதினார். அடித்தது செல்லும் என்று ராவ்பகதூர் ஓரத்தில் கையெழுத்திட்டார்.

"கொம்பின் நீளம்?" என்று அம்புரோஸ் கேட்டார்.

"கொம்பு இல்லீங்க."

"இல்லையா, காணோமா?" என்றார் ராவ்பகதூர். "இரண்டும் ஒன்றல்ல. காணோம் என்றால் அதற்குத் தனி விசாரணை."

"மொதல்லேர்ந்தே இல்லீங்க எஜமான்."

"அதற்குச் சாட்சி?"

சிலுவைமுத்து டாக்டர் ஜேக்கப்பைப் பார்த்தார். டாக்டர் படித்தவர். மீனுக்குக் கொம்பு உண்டா இல்லையா என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"'இல்லை என்று சொல்லப்படுகிறது' என்று போடுங்கள்," என்றார் ராவ்பகதூர்.

"சூட்டுக்குறி எந்தத் தொடையில்?"

"தொட இல்லீங்க."

"அதுவும் சொல்லப்படுகிறது. மேலே போங்கள்."

"உரித்தவர் பெயர்?"

"யாரும் உரிக்கலீங்களே."

"பெயர் இல்லாமல் இந்தப் படிவம் போகாது," என்றார் அம்புரோஸ். குரலில் வருத்தம் இருந்தது. "இப்போதைக்கு உன் பெயரைப் போடுகிறேன்."

பிறகு ராவ்பகதூர் பேசினார். நின்றுகொண்டு பேசினார். கேட்க மூன்று பேர்தான் இருந்தார்கள், அதில் ஒருவர் குற்றம் சாட்டப்படப் போகிறவர். "இந்த இலாகா ஆண்டுக்கு நான்கு லட்சம் தோல்களைக் கப்பலேற்றுகிறது. நான்கு லட்சம் பிராணிகள். அவற்றில் ஒன்றுகூட எப்படிச் செத்தது என்று நாம் கேட்டதில்லை. கேட்பது நம் வேலை அல்ல. ஆனால் நம் கூரையின் கீழ் ஓர் உயிர் போனால் நாம் கேட்டே தீருவோம். எந்த உயிராக இருந்தாலும். துரைசானியினுடைய உயிராக இருந்தாலும். அதாவது, அவர் வளர்த்த உயிராக இருந்தாலும்."

அம்புரோஸ் எல்லாவற்றையும் எழுதினார். பிறகு கடைசி வரியைத் திருத்தினார்.

"தொட்டிக்குத் தண்ணீர் யார் கொண்டுவருவது?" என்று டாக்டர் ஜேக்கப் கேட்டார். அன்றைக்கு அவர் கேட்ட ஒரே கேள்வி அது.

"வேம்புங்க. தண்ணிக்கார வேம்பு."

"கூப்பிடு அவனை."

சிலுவைமுத்து "சொல்லி அனுப்பறேங்க," என்றார்.

வேம்பு எங்கே என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும். வெளியே சொல்வதில்லை என்று லைனில் முடிவாகியிருந்தது. அந்த முடிவை எடுத்தபோது சிலுவைமுத்துவும் கூட இருந்தார்.

ஆள் வர முடியாதபோது பெயரை மட்டும் வேலைக்கு அனுப்புவது லைனின் பழைய வழக்கம். காலை ஆறரை மணிக்கு மேஸ்திரி கிடங்கு வாசலில் உட்கார்ந்து ஆஜர் புத்தகத்தைப் படிப்பார். தலையைத் தூக்க மாட்டார். எண்பத்தேழு பெயர்கள், எண்பத்தேழு குரல்கள், அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

"ஜெயவேல்."

"கீறேன்."

"வேம்பு."

"கீறேன்பா."

இரண்டாவது குரலும் ஜெயவேலுடையதுதான். கொஞ்சம் அடித்தொண்டையில் வரும். அதன்பின் ஜெயவேல் இரண்டு ஆள் தண்ணீரையும் தூக்குவார். தோள் வீங்கிப்போய் மதியம் கஞ்சிக் கிண்ணத்தை இடது கையால் பிடிப்பார்.

ஆக, வேம்பு வேலைக்கு ஒரு நாள் தவறாமல் வந்தார். விசாரணைக்கு மட்டும் வரவில்லை. ஜூன் மூன்றாம் தேதி முதல் சம்மன் அனுப்பினார்கள்.

இதற்கிடையில் அட்மிரல் நாற ஆரம்பித்தது. ராயபுரத்தில் ஜூன் மாதம் எதுவும் காத்திருக்காது. சடலம் சாட்சியப் பொருள். அதை ஸ்பிரிட்டில் போட்டு வைக்கக் கமிட்டி தீர்மானித்தது. ஸ்பிரிட் வாங்கக் கலால் இலாகாவின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு எழுதினார்கள். எத்தனை பேர் அருந்துவார்கள் என்று கேட்டுப் பதில் வந்தது.

அம்புரோஸ் மீனை ஒரு பழைய உறையில் போட்டு, வாலில் 'சாட்சியப் பொருள் 1' என்று சீட்டுக் கட்டி, சிலுவைமுத்துவிடம் கொடுத்தார்.

"கெடாமல் வைத்திரு. கெட்டால் அது தனிக் குற்றம்."

"எப்படிங்க வெக்கறது?"

"மீன்காரன் நீயா நானா?"

சிலுவைமுத்துவின் குடும்பத்துக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஃப்ளோரன்ஸ் கல்மண்டபம் கடைத்தெருவில் கருவாடு விற்பவள். உறையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாயா இது. ஒரு வாய்க்குப் பத்துமா?"

"துன்றதுக்கு இல்லமே. கமிட்டிக்கு."

"கமிட்டி துன்னுமா?"

"கமிட்டி பாக்கும். கெட்டுப் போவக் கூடாது, அம்புட்டுதான்."

"பாக்கறதுக்கு எதுக்குயா உப்பு," என்றாள். ஆனாலும் வேலையைச் சரியாகச் செய்தாள். செவுளில் உப்பை அடைத்து, மேலும் கீழும் உப்பைப் பரப்பி, இரண்டு நாள் பானையில் வைத்தாள். மூன்றாம் நாள் லைன் கூரைமேல் ஓலையில் காயப் போட்டாள். வால் சீட்டு நனையாமல் ஒரு குச்சியில் தூக்கிக் கட்டினாள்.

காக்கை வந்தது. சிலுவைமுத்து அம்புரோஸிடம் போய்ச் சொன்னார். சாட்சியப் பொருளைக் காக்கையிடமிருந்து காக்க இரண்டு ஆள் காவலுக்கு உத்தரவு வந்தது, பகலில் ஒருவர், மாலையில் ஒருவர். பகல் ஆள் ஜெயவேல். மாலை ஆள் வேம்பு. ஆகவே ஜெயவேல் காலை முதல் இருட்டும் வரை கூரையில் உட்கார்ந்தார்.

"நைனா," என்று மேலேயிருந்து கூப்பிட்டார். "சின்ன வயசுல எங்கப்பன் என்னயக் கடலுக்கு அனுப்பினான். இவுங்க என்னயக் கருவாட்டுக்குக் கொட பிடிக்க வுட்டாங்க."

"கம்முனு பிடி," என்றார் சிலுவைமுத்து.

அட்மிரல் நன்றாகக் காய்ந்தது. பொன்னிறம் போய்ப் பழுப்பாயிற்று. ஃப்ளோரன்ஸ் அதைத் தட்டிப் பார்த்து, இனி ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்றாள்.

ஜூன் ஏழாம் தேதி கமிட்டி இடத்தைப் பார்வையிட வந்தது. முதலில் காலித் தொட்டியைப் பார்த்தார்கள். ராவ்பகதூர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு தண்ணீர் வந்த வழியைப் பார்க்கக் கிணற்றுக்குப் போனார்கள்.

அது புதுக் கிணறு. ஏப்ரல் மாதம் திறந்தது. சுற்றுச்சுவரில் ராவ்பகதூர் கிருஷ்ணப்பனின் பெயர் பொறித்த கல் இருந்தது. கிணற்றிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளித் தோல் கிடங்கின் பின்சுவர். சுவரோரம் பாஷாணத் தொட்டிகள் மூன்று. கப்பலில் போகிற தோலைப் புழு அரிக்காமலிருக்கப் பாஷாணம் என்கிற விஷத்தைக் கரைத்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். சென்ற மாதம் இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பெரிய லோடு ஒன்று கப்பலேறியது. அன்று மாலை தொட்டிகளைக் கவிழ்த்துக் கழுவினார்கள். கழுவிய தண்ணீர் சரிவில் ஓடி நின்ற இடம் கிணற்றடி.

சிலுவைமுத்து அதைப் பார்த்தவர். இப்போது சொல்லலாம் என்று நினைத்தார்.

"எஜமான், அந்த ஞாயித்துக்கெழம தொட்டி கழுவன தண்ணி..."

"எந்தத் தொட்டி? மீன் தொட்டியா?"

"இல்லீங்க, தோலு முக்கற தொட்டி."

"நாம் மீன் தொட்டியைப் பற்றி விசாரிக்கிறோம்," என்றார் ராவ்பகதூர் பொறுமையாக. "தோல் தொட்டியைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு மனு கொடு. அதற்கும் நான்தான் தலைவராக இருப்பேன்."

டாக்டர் ஜேக்கப் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் நின்ற சேவகனிடமிருந்து சோடா பாட்டில் ஒன்றை வாங்கிக் குடித்தார். ராவ்பகதூருக்கும் ஒன்று கொடுத்தார். வெயில் கடுமையாக இருந்தது.

"தண்ணீர் நல்லது," என்றார் டாக்டர். "மார்ச் மாதம் நான் சான்று கொடுத்திருக்கிறேன்."

"கிணத்த தொறந்தது ஏப்ரல் மாசமுங்க," என்றார் சிலுவைமுத்து.

"திறப்பு விழாவுக்கு முன்னால்தானே சான்று வேண்டும். பிறகு எதற்கு?" டாக்டருக்குக் கோபம் வரவில்லை. விளக்கினார். "பார், நான் கொடுத்த சான்றில் சந்தேகம் என்றால் அதை நான்தான் விசாரிக்க வேண்டும். நான் இப்போது மீனை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே சமயத்தில் இரண்டு முடியாது. கிணற்றைப் பற்றி லைனிலிருந்து ஏதாவது புகார் வந்ததா?"

"இல்லீங்க. யாரும் இதுலேர்ந்து குடிக்கறதில்லீங்களே. ஒரு வாரமா பொம்பளைங்கல்லாம் குடத்த தூக்கினு கல்மண்டபம் கொழாய்க்குப் போவுது."

"யார் போகச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."

"குடிப்பவரே இல்லையென்றால் புகாருக்கு இடமே இல்லை." டாக்டர் அம்புரோஸ் பக்கம் திரும்பினார். "எழுதிக்கொள்ளுங்கள். 'கிணற்று நீர் குறித்து உபயோகிப்போர் எவரிடமிருந்தும் புகார் இல்லை.'"

அம்புரோஸ் எழுதினார். வேம்புவுக்கு இரண்டாம் சம்மன் எழுதினார். அதையும் ஜெயவேல் வாங்கிக்கொண்டார், அடித்தொண்டைக் குரலில்.

ஜூன் ஒன்பதாம் தேதி அட்மிரல் ரசாயனப் பரிசோதகரிடம் போயிற்று. ஒரு சிகரெட் டப்பாவில் பஞ்சு வைத்து அனுப்பினார்கள். பதினான்காம் தேதி அறிக்கை வந்தது. கமிட்டி கூடி, கதவைச் சாத்தி, ஒருமுறை படித்தது. பிறகு சிலுவைமுத்துவைக் கூப்பிட்டு நிறுத்தி, இன்னொரு முறை படித்தது.

"'அனுப்பப்பட்ட பிராணியின் உடல் முழுவதும் உப்பு ஏறியிருக்கிறது. இது நன்னீரில் வாழும் ஜாதி. இந்த அளவு உப்பு உடலில் இருக்கையில் இது உயிரோடு இருந்திருக்க முடியாது. சாவுக்குக் காரணம், உப்பு.'"

ராவ்பகதூர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ உப்புப் போட்டாயா?"

"போட்டோம்ங்க. அது செத்தப்புறம்..."

"ஆம் அல்லது இல்லை."

"செத்து மூணு நாளு கழிச்சு..."

"போட்டாயா, இல்லையா?"

"போட்டேன்."

"'ஒப்புக்கொண்டான்,'" என்று ராவ்பகதூர் சொல்ல, அம்புரோஸ் எழுதினார்.

கடலில் அலை தலைக்குமேல் எழும்பி நிற்கும்போது சிலுவைமுத்து இப்படிப் பயந்ததில்லை. அலை எந்தப் பக்கம் உடையும் என்று பார்த்தால் தெரியும்.

"ஐயா, கெடாம வெக்கச் சொன்னீங்க. உப்பு போடாம மீனு எப்படி இருக்கும்?"

"உப்புப் போட்டதால்தான் அது இல்லாமல் போனது என்று பரிசோதகர் சொல்கிறார்," என்றார் டாக்டர் ஜேக்கப். "அவர் லண்டனில் படித்தவர்."

"வேற எதுனா விஷம் கீதான்னு பாத்தாங்களா?"

அறிக்கையின் கடைசிப் பத்தியை டாக்டர் படித்துக் காட்டினார். "'மீன் எதனால் செத்தது என்று கேட்கப்பட்டது. ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இரண்டாவது காரணத்தைத் தேடுவது அரசாங்கப் பணத்தை விரயம் செய்வதாகும்.' இதற்கு மேல் என்ன வேண்டும்?"

ஃப்ளோரன்ஸ் போட்ட உப்புக்குத் தீர்வை கட்டியதா என்று விசாரிக்க உப்பு இலாகாவுக்கும் ஒரு நகல் போயிற்று. கடைசிக் கூட்டம் பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை. திங்கட்கிழமை துரை வருகிறார்.

வியாழக்கிழமை மாலை அம்புரோஸ் லைனுக்கு வந்தார். அவர் லைனுக்கு வருவது அதுவே முதல் முறை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மரியாதைக்காக எடுத்துவிட்டார்.

"சிலுவை, நானும் ராயபுரத்துக்காரன்தான். ஞாயித்துக்கெழம பூசையில நீ என்னைப் பாக்கறே, நான் உன்னைப் பாக்கறேன். ஒரு வழி இருக்கு."

"சொல்லுங்க."

"வேம்பு ரெண்டு சம்மனுக்கும் வரல. நாளைக்கு மூணாவது. அதுக்கும் வர மாட்டான். ராவ்பகதூர் என்ன சொல்றார்னா, வராதவன்தான் தப்புப் பண்ணவன். தண்ணி கொண்டாந்தவன் அவன். உப்புத் தண்ணி கொண்டாந்து ஊத்தினான்னு நீ ஒரு வாக்குமூலம் கையெழுத்துப் போட்டா உன் பேரு தப்பிக்கும்."

"அவன் பேரு?"

"அபராதம் போடுவாங்க. ரெண்டு மாசச் சம்பளத்துல பிடிச்சுப்பாங்க. பேரு இருக்கும், ரூம்பு இருக்கும். நான் கேட்டுட்டுத்தான் வந்தேன்." அம்புரோஸ் தயங்கினார். "அவன் ஏன்பா வரல? வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன?"

சிலுவைமுத்து தரையைப் பார்த்தார். "சொல்றேங்க அவன் கிட்ட," என்றார்.

அம்புரோஸ் போனபின் ஃப்ளோரன்ஸ் பக்கத்து அறையிலிருந்து கெங்கம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். கெங்கம்மா வேம்புவின் மனைவி. ஒன்பதாம் மாதம். சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். லைனில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் நாலு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

"போட்டுடுண்ணே," என்றாள்.

"தாயி, அவன் தண்ணில உப்பு கலக்கினான்னு எழுதச் சொல்றாங்க. அவன் செஞ்சானா?"

"பேருதானே. பேருக்கு நோவாது. எழுதினு போவட்டும். புள்ள பொறக்கற வரைக்கும் எனக்கு இந்த ரூம்பு வோணும். அதுக்கப்புறம் புளியந்தோப்புல எங்கக்கா வூட்டுக்குப் போயிடுவேன்."

ஃப்ளோரன்ஸ் கணவனைப் பார்த்தாள். "அவளே சொல்லிட்டா. உனக்கு இன்னா? மூணு புள்ளைங்கள இட்டுகினு நான் எங்க போவேன். கையெழுத்தப் போட்டுட்டு வூட்டுக்கு வந்து சேரு."

"பொய்யி மே."

"கமிட்டி ரெண்டு வாரமா உண்மையா பேசுச்சு?"

கையெழுத்துப் போடுவது என்று முடிவானது. கெங்கம்மா அழவில்லை. எழுந்திருக்க மட்டும் இரண்டு பேர் உதவ வேண்டியிருந்தது.

சனிக்கிழமை கடைசிக் கூட்டம். மேஜைக்கு நடுவில் அட்மிரல் சிகரெட் டப்பாவில் கிடந்தது. மூடியைத் திறந்தே வைத்திருந்தார்கள். கூடம் முழுக்க நல்ல கருவாட்டு வாசம். ராவ்பகதூர் சைவர். அவ்வப்போது சன்னல் பக்கம் போய் நின்று யோசித்தார்.

அம்புரோஸ் வாக்குமூலத்தைப் படித்தார். குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"'தண்ணிக்கார வேம்பு என்பவன் கெட்ட எண்ணத்துடன் உப்பு நீரைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றி, மேற்படி மீனைக் கொன்றுவிட்டு, மூன்று சம்மன்களுக்கும் ஆஜராகாமல் தலைமறைவாகி, அதே சமயம் ஆஜர் புத்தகத்தின்படி ஒரு நாள் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டும் இருக்கிறான்.'"

"இதில் ஏதாவது முரண்பாடு இருக்கிறதா?" என்று டாக்டர் ஜேக்கப் கேட்டார்.

"முரண்பாடு அல்ல, துணிச்சல்," என்றார் ராவ்பகதூர். "தேடுகிறவர்கள் கண்ணெதிரே வேலை செய்துகொண்டே தலைமறைவாக இருக்கிறான். எப்படிப்பட்டவன் என்று பாருங்கள். மேலே படியுங்கள்."

அம்புரோஸ் மேலே படிக்கவில்லை. தாளைப் புரட்டினார். அடுத்த பக்கம் ராவ்பகதூரின் சொந்தக் கையெழுத்தில் இருந்தது. காலையில் சேர்த்தது. அம்புரோஸ் சிலுவைமுத்துவைப் பார்க்காமல் படித்தார்.

"'ஆகவே மேற்படி வேம்புவின் பெயர் இன்றே அடிக்கப்படுகிறது. மாலை ஆறு மணிக்குள் அவனுடைய அறை காலி செய்யப்பட வேண்டும். அவனை மறைத்து வைத்திருக்கிற மனைவி, அவன் இருக்கும் இடத்தைச் சொல்லும்வரை போலீஸ் காவலில் வைக்கப்பட வேண்டும்.'"

"அபராதம்னு சொன்னீங்களே," என்றார் சிலுவைமுத்து. அம்புரோஸிடம் சொன்னார். அம்புரோஸ் மைக்கூட்டை நகர்த்தி வைத்தார்.

"துரைசானிக்கு நாம் என்ன பதில் சொல்வது?" என்றார் ராவ்பகதூர். "இரண்டு மாசச் சம்பளத்தைப் பிடித்தோம் என்றா? ஓர் உயிர் போயிருக்கிறது. இந்தக் கமிட்டி பதினெட்டு நாள் உழைத்திருக்கிறது. அந்தப் பயல் உயிரோடு இருக்கிறவரை இந்தத் துறைமுகத்தில் எந்த மீனுக்கும் பாதுகாப்பு இல்லை. கையெழுத்துப் போடு. உன் பெயர் தப்பித்தது. சந்தோஷமாகப் போ."

பேனாவை நீட்டினார்கள். சிலுவைமுத்து வாங்கிக்கொண்டார். அவருக்குப் பெயர் எழுதத் தெரியும், பங்குச் சாமியார் கற்றுக்கொடுத்தது. தாளைப் பார்த்தார். கெங்கம்மாவால் சாயங்காலத்துக்குள் புளியந்தோப்பு வரை நடக்க முடியாது. போலீஸ் ஸ்டேஷன் வரை நடத்திக் கூட்டிப் போவார்கள். புருஷன் எங்கே என்று கேட்பார்கள். அவள் சொல்ல மாட்டாள், சொல்வதில்லை என்று முடிவாகியிருக்கிறது. அந்த முடிவு அறைக்காக. அறையே போனபின் அந்த முடிவு யாருக்கு?

பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"என்ன?" என்றார் ராவ்பகதூர்.

"கையெழுத்து போட மாட்டேங்க."

"போடாவிட்டால் உன் பெயர்தான் அடிபடும். தெரியுமா?"

"தெரியுமுங்க."

"ஏனாம்?"

"அவன தேடாதீங்க."

"எங்கே இருக்கிறான் என்று உனக்குத் தெரியும்."

"லைனுக்கே தெரியுமுங்க. ஜெயவேல்தான் அவன் பேருக்கு கொரல் குடுத்துகினு இருந்தான். நாங்கதான் குடுக்கச் சொன்னோம்."

டாக்டர் ஜேக்கப் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "திங்கட்கிழமை காலை அவன் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினானா இல்லையா? அதைச் சொல்."

"ஊத்தினான். மே மாசம் முப்பதாம் தேதி, காத்தால மொதத் தண்ணி. எறச்சதும் ஒரு கை அள்ளிக் குடிப்பான், எப்பவும். அப்புறம் ரெண்டு பக்கெட்டு மீனுக்குக் கொண்டாந்தான். மத்தியானமே வாந்தி புடிச்சுகிச்சு."

"அதற்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் ராவ்பகதூர்.

சிலுவைமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"மீனு செத்தது செவ்வாக்கெழம காத்தால ஆறு மணிக்குங்க. வேம்பு செத்தது அதுக்கு நாலு மணி நேரம் முன்னாடி. ரெண்டும் குடிச்சது உங்க கெணத்துத் தண்ணி."